உள்ளாட்சி சேவைகளில் ஏஐ: எங்கே தொடங்குவது, எதைத் தொடக் கூடாது?

கோப்புநகர்த்தி:
உள்ளாட்சி அமைப்பு ஒன்றின் தகவல் தொழில்நுட்பப் பிரிவில் வேலை. எது என்று சொல்வதற்கில்லை. "நாமும் செயற்கை நுண்ணறிவை (ஏஐ) கொண்டுவர வேண்டும்" என்று மேலிருந்து உத்தரவு வந்துவிட்டது. எதற்காக என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

இப்போது மேசையில் மூன்று யோசனைகள். ஒன்று, இணையதளத்தில் பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் சாட்பாட். இரண்டு, வரும் புகார்களைப் படித்துப் பிரித்து உரிய பிரிவுக்கு அனுப்பும் கருவி. மூன்று, உதவித்தொகை வாங்குகிறவர்களில் யார் ஏமாற்றக்கூடும் என்று மதிப்பெண் போடும் மென்பொருள். மேலே இருப்பவர்களுக்கு மூன்றாவதில்தான் ஆசை அதிகம், ஏனென்றால் அந்தத் திட்ட அறிக்கையில் மட்டும்தான் "பணம் மிச்சமாகும்" என்ற வரி இருக்கிறது. சாட்பாட்டுக்கு அடுத்த இடம், அதைத் திறப்பு விழா நடத்திக் காட்டலாம். புகார் பிரிப்பதைப் பற்றி யாருக்கும் அக்கறையில்லை.

எனக்கென்னவோ இந்த வரிசை தப்பாகப் படுகிறது. குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டியது நான்தான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். விற்பனைப் பேச்சு வேண்டாம், அது போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

மூன்றாம்வரிசை:
வரிசையைத் தலைகீழாகத் திருப்புங்கள். குறிப்பு தயார்.

எண்ணும்எழுத்தும்:
மேலே சொன்னவர் சுருக்கமாகச் சொல்லிவிட்டார், ஆனால் மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டுமே. மூன்றாவது யோசனையை முதலில் பார்ப்போம், அதைச் செய்து பார்த்த ஊர்கள் இருக்கின்றன.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகராட்சி 2017 முதல் 2021 வரை இப்படி ஒரு மாடலை, அதாவது பழைய தரவைப் படித்துத் தானே கணிக்கக் கற்றுக்கொள்ளும் மென்பொருளை, ஓட்டியது. உதவித்தொகை வாங்குகிற ஒவ்வொருவருக்கும் மதிப்பெண். மதிப்பெண் அதிகமானால் விசாரணை. உள்ளே போன விவரங்கள் 315 வகை. வயது, பாலினம், எத்தனை பிள்ளைகள், டச்சு மொழி எவ்வளவு தெரியும் என்பதெல்லாம் அதில் அடக்கம். அதிகாரிகள் ஒருவரைப் பார்த்துவிட்டு மனதில் பட்டதை எழுதி வைத்த குறிப்புகளும்கூட. நகரின் தணிக்கை அமைப்பு கேள்வி எழுப்பிய பிறகு 2021இல் நிறுத்தினார்கள். 2023இல் பத்திரிகையாளர்கள் அந்த மாடலையே கையில் வாங்கிப் பிரித்துப் பார்த்து எழுதினார்கள்.

இதில் கோளாறு எங்கே வருகிறது என்பதுதான் உங்கள் குறிப்புக்கு முக்கியம். மாடல் எதைப் படித்துக் கற்றுக்கொள்கிறது? பழைய விசாரணைகளை. யாரை விசாரிப்பது என்று முன்பு முடிவு செய்தது யார்? அதிகாரிகள். ஒரு குறிப்பிட்ட வகை மக்களை அவர்கள் அதிகம் விசாரித்திருந்தால், அந்த வகை மக்களிடம்தான் தவறுகளும் அதிகம் கண்டுபிடிக்கப்பட்டிருக்கும். யாருமே தட்டாத கதவுக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது தரவில் இருக்காது. அப்புறம், படிவத்தில் ஒரு கட்டத்தைத் தவறாக நிரப்பியவரும் திட்டமிட்டு ஏமாற்றியவரும் பெரும்பாலான பதிவேடுகளில் ஒரே குறியீட்டின் கீழ்தான் வருவார்கள். அப்படிப்பட்ட பதிவேட்டை ஊட்டினால், படிவம் நிரப்பச் சிரமப்படுகிறவரைத்தான் அந்தக் கருவி தேடிப் பிடிக்கும்.

நடுப்பக்கம்:
இந்த இழையில் எதிர்க்குரல் கொடுக்க வேண்டியது என் பொறுப்பு போலிருக்கிறது.

கருவி இல்லாதபோது மட்டும் என்ன நடக்கிறது? அதிகாரி தன் மனதில் உள்ள மதிப்பெண்ணை வைத்து முடிவெடுக்கிறார். அந்த மனதை யாரும் தணிக்கை செய்ய முடியாது. ரோட்டர்டாமில் பாரபட்சம் இருந்தது என்று இன்று நமக்குத் தெரிவதற்கே காரணம் அது ஒரு மாடலாக இருந்ததுதான். 315 வகை விவரங்கள் என்று எண்ண முடிந்தது. ஒரு விசாரணை அதிகாரியின் மண்டைக்குள் எத்தனை வகை என்று எண்ணிச் சொல்லுங்கள் பார்ப்போம்.

இன்னொன்று. தாமதமும் ஒரு முடிவுதான். கோப்பு மாதக்கணக்கில் கிடந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது மறுப்பு ஆணை மாதிரிதான். ஆபத்து, ஆபத்து என்று சொல்லி எதையும் செய்யாமல் இருப்பவர்கள் அந்தக் கணக்கை எங்கும் எழுதுவதில்லை.

எண்ணும்எழுத்தும்:
நியாயமான வாதம். மாடலைத் தணிக்கை செய்ய முடியும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தணிக்கை செய்து திருத்தினால் சரியாகிவிடும் என்று நினைத்தால் ஆம்ஸ்டர்டாம் கதையைப் படிக்க வேண்டும்.

அவர்கள் ரோட்டர்டாம் செய்த எதையும் செய்யவில்லை. குறைந்த விவரங்கள், எப்படி முடிவெடுத்தது என்று விளக்கக்கூடிய மாடல், பாலினமோ குடியுரிமையோ உள்ளே போகாது, வெளி நிபுணர்களின் சோதனை, உதவி பெறுவோரின் ஆலோசனைக் குழுவிடமும் கருத்து கேட்டார்கள். (அந்தக் குழு வேண்டாம் என்றுதான் சொன்னது.) முதல் சோதனையில் வெளிநாட்டுப் பின்னணி உள்ளவர்களைத் தவறாகக் குறிவைப்பது தெரிந்தது. பயிற்சித் தரவில் எதற்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதை மாற்றிச் சரிசெய்தார்கள். 2023இல் உண்மையான விண்ணப்பங்களில் ஓட்டிப் பார்த்தபோது சாய்வு மறுபக்கம் போயிருந்தது. இப்போது டச்சுக் குடிமக்களும் பெண்களும் அதிகமாகத் தவறாக மாட்டினார்கள். அதிகாரிகள் செய்வதைவிடப் பெரிதாக மேலாகவும் வேலை செய்யவில்லை. நகராட்சி திட்டத்தைக் கைவிட்டது.

கவனமாகச் செய்தும் இதுதான் கிடைத்தது. கோப்புநகர்த்தியின் மேலிடம் அவ்வளவு கவனமாகச் செய்யுமா என்பதை அவரே சொல்லட்டும்.

கோப்புநகர்த்தி:
சிரிப்பு வருகிறது. பதில் சொல்லப் போவதில்லை.

சட்டக்குறிப்பு:
நடுப்பக்கம் சொன்னதில் விட்டுப்போனது அளவு. ஓர் அதிகாரி பாரபட்சம் காட்டினால் அவர் மேசைக்கு வரும் கோப்புகள் கெடும், அடுத்த மேசை தப்பும். மென்பொருள் என்றால் எல்லா மேசையும் ஒரே நாளில் கெடும்.

ஆஸ்திரேலியாவின் "ரோபோடெட்" (Robodebt) இதற்குச் சரியான உதாரணம். உதவித்தொகையை அதிகமாக வாங்கிவிட்டதாகக் கணக்கிட்டு, அதைக் கடனாகத் திரும்பக் கேட்ட திட்டம் அது. அது உள்ளாட்சி அல்ல, மத்திய அரசு, ஆனாலும் படிக்க வேண்டியது. அதில் செயற்கை நுண்ணறிவே இல்லை. வரித்துறையிடம் இருந்த ஆண்டு வருமானத்தை 26 இருவாரங்களாக வகுத்து, ஒவ்வொரு இருவாரமும் இவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று ஊகித்தார்கள். ஒரு சில மாதம் மட்டும் வேலை கிடைத்து, மீதி மாதம் உதவித்தொகையில் இருந்தவர்கள் பலர் கடன்காரர்கள் ஆகிவிட்டார்கள். கடன் இல்லை என்று நிரூபிக்கும் வேலை அவர்கள் தலையில். பழைய சம்பளச் சீட்டுகளைத் தேடிக்கொண்டு அலைந்தார்கள். 2023 ஜூலையில் அரச விசாரணை ஆணையம் அறிக்கை கொடுத்தது. இடையில் அரசு கட்டிய இழப்பீடும் தள்ளுபடியும் 100 கோடி டாலரைத் தாண்டியது.

ஆக, கருவி எவ்வளவு புத்திசாலி என்பது இரண்டாவது கேள்வி. நிரூபிக்கும் சுமை யார் பக்கம் நகர்கிறது என்பது முதல் கேள்வி.

நீதிமன்றங்களும் சும்மா இருக்கவில்லை. நெதர்லாந்தில் நகராட்சிகள் கேட்டுப் பயன்படுத்திய "சிரி" (SyRI) என்ற மோசடி கண்டறியும் அமைப்பை 2020 பிப்ரவரியில் ஹேக் மாவட்ட நீதிமன்றம் நிறுத்தியது. தனிவாழ்க்கை உரிமையை மீறுகிறது, எப்படி வேலை செய்கிறது என்று வெளியில் யாருக்கும் தெரியவில்லை என்பதே காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தின் ஏஐ சட்டம் 2024 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. பொது உதவிக்கு ஒருவர் தகுதியானவரா என்று மதிப்பிடும் கருவிகளை அது "அதிக ஆபத்து" பட்டியலில் வைத்திருக்கிறது. உங்கள் நாட்டில் அந்தச் சட்டம் செல்லாமல் இருக்கலாம். விற்க வருகிற நிறுவனத்திடம் "இது அந்தப் பட்டியலில் வருமா?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மாறும்.

மூன்றாம்வரிசை:
அப்போ சாட்பாட்? அதில் யாருடைய பணமும் பறிபோகாதே.

சட்டக்குறிப்பு:
போகும். நியூயார்க் நகரம் 2023 அக்டோபரில் சிறுதொழில் செய்பவர்களுக்காக ஒரு சாட்பாட் வெளியிட்டது. 2024 மார்ச்சில் பத்திரிகையாளர்கள் அதைச் சோதித்தார்கள். ஊழியருக்குக் கிடைக்கும் டிப்ஸில் முதலாளி பங்கு எடுத்துக்கொள்ளலாம் என்றது. கடைக்காரர் ரொக்கம் வாங்க மறுக்கலாம் என்றது. அரசு வாடகை உதவி பெறுபவரை வீட்டுக்காரர் ஏற்க வேண்டியதில்லை என்றது. மூன்றுமே அங்கே செல்லுபடியாகும் சட்டத்துக்கு எதிரானவை. நகரத்தின் சொந்த இணையதளத்தில், நகரத்தின் சின்னத்தோடு வந்த பதில்கள். "தவறு இருக்கலாம்" என்று கீழே ஒரு வரி போட்டுவிட்டுத் தொடர்ந்து ஓட்டினார்கள்.

அந்த வரி எவ்வளவு தூரம் காப்பாற்றும் என்பதற்கு கனடாவில் ஒரு தீர்ப்பு இருக்கிறது. ஏர் கனடாவின் சாட்பாட் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொன்னது. அந்த சாட்பாட் தனிச் சட்ட ஆளுமை, அதன் பேச்சுக்கு அதுவே பொறுப்பு என்று நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை, இணையதளத்தில் உள்ள எல்லாவற்றுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று பணத்தைக் கொடுக்கச் சொன்னது. தனியார் நிறுவனத்துக்கே இப்படி என்றால், விதியை எழுதுகிற அலுவலகம் "எங்கள் கருவி தவறாகச் சொல்லிவிட்டது" என்று எந்த முகத்தோடு சொல்லும்?

சாளரம்4:
நான் கவுண்டரில் உட்காருகிறவன். சாட்பாட் பற்றிப் பேசுகிற யாரும் கவுண்டரில் என்ன கேட்கிறார்கள் என்று கேட்டதில்லை என்பதால் சொல்கிறேன்.

"இந்தச் சான்றிதழுக்கு என்ன ஆவணம் வேண்டும்" என்று கேட்பவர்கள் கொஞ்சம்தான். பெரும்பாலோர் கேட்பது ஒரே கேள்வி: "என் மனு என்ன ஆச்சு?" இதற்கு சாட்பாட் எதற்கு? மனு எண்ணைப் போட்டால் யார் மேசையில் எந்தத் தேதியிலிருந்து இருக்கிறது என்று காட்டும் ஒரு பக்கம் போதும். அதைச் செய்ய மாட்டார்கள், ஏனென்றால் யார் மேசையில் தூங்குகிறது என்று ஊருக்கே தெரிந்துவிடும். சாட்பாட் வைத்தால் "உங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று இனிமையாகச் சொல்லும். அதை நானே சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

இரண்டாவது வகை, என்ன கேட்பது என்றே தெரியாமல் வருபவர்கள். கணவர் இறந்துவிட்டார், இப்போது எதையெல்லாம் பெயர் மாற்ற வேண்டும், எதற்கெல்லாம் விண்ணப்பிக்கலாம் என்று தெரியாது. அவர்கள் ஒரு வரி கேட்பார்கள், நான் நான்கு கேள்வி திருப்பிக் கேட்பேன். அதில்தான் அவர்களுக்கு வேறொரு உதவித்தொகையும் உண்டு என்பது வெளியே வரும். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும் எதுவும் இவர்களுக்கு உதவாது.

நடுப்பக்கம்:
சாளரம்4, உங்களைப் போல நான்கு கேள்வி திருப்பிக் கேட்பவர்கள் எல்லாக் கவுண்டரிலும் இருந்தால் இந்த இழையே தேவையில்லை. மாலை வேலை முடிந்து வருபவர், காது கேளாதவர், வாசிக்கச் சிரமப்படுபவர், இவர்களுக்கெல்லாம் எந்த நேரமும் குரலிலோ எழுத்திலோ பதில் தருகிற ஒன்று உண்மையிலேயே பெரிய விஷயம். நல்லபடியாகச் செய்யுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

கோப்புநகர்த்தி:
நல்லபடியாக என்றால் எப்படி? சாட்பாட்டை முழுக்க மறுத்து எழுத முடியாது, அதற்கு மேலே பெரிய ஆதரவு.

எண்ணும்எழுத்தும்:
அதைப் பதில் சொல்லும் கருவியாக வைக்காமல் பக்கத்தைக் காட்டும் கருவியாக வையுங்கள். கேள்வியைப் புரிந்துகொள்ளும் வேலையை மாடலுக்குக் கொடுங்கள். பதிலாக உங்கள் அதிகாரபூர்வப் பக்கத்தில் உள்ள பத்தியை அப்படியே, தேதியோடு காட்டட்டும். சொந்தமாக ஒரு வாக்கியம்கூட இயற்ற வேண்டாம். பொருத்தமான பத்தி கிடைக்கவில்லை என்றால் தொலைபேசி எண்ணும் அலுவலக நேரமும். டெமோவில் மந்தமாகத் தெரியும், பரவாயில்லை.

இதைச் செய்யத் தொடங்கினால் உங்கள் இணையதளத்தில் ஒரே சேவைக்கு மூன்று பக்கம், மூன்றிலும் வேறு வேறு கட்டணம் இருப்பது தெரியவரும். அதைச் சுத்தம் செய்வதுதான் இந்தத் திட்டத்தின் உண்மையான பயன் என்று நான் நினைக்கிறேன். ஏஐக்கு என்று கேட்டால் நிதி கிடைக்கும், பக்கங்களைத் திருத்த என்று கேட்டால் கிடைக்காது. கிடைக்கிற பெயரில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாம்வரிசை:
கடைசி வரியை அரசு ஊழியர் தேர்வில் பாடமாக வைக்கலாம்.

ஏலக்குரல்:
கொள்முதல் பக்கம் இருப்பவன். இழை முழுக்க எந்தக் கருவி என்றே பேச்சு போகிறது. ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது.

எப்படி முடிவெடுக்கிறது என்று கேட்டால் "வணிக ரகசியம்" என்று பதில் வரும். அதற்கு இடமில்லாதபடி டெண்டரிலேயே தணிக்கை உரிமையை எழுதிவிட வேண்டும், பிறகு கேட்டால் கிடைக்காது. ஆம்ஸ்டர்டாம் நகராட்சி இதற்கென்றே மாதிரி ஒப்பந்த விதிகள் உருவாக்கியது, பிறகு ஐரோப்பிய ஆணையத்தின் மாதிரி விதிகளுக்கும் அவை அடிப்படை ஆயின. அமெரிக்காவின் சான் ஹோசே நகரம் முன்னின்று 2023இல் தொடங்கிய கோவ்ஏஐ (GovAI) என்ற அரசு அமைப்புகளின் கூட்டமைப்பில், விற்பவர் நிரப்பித் தர வேண்டிய விவரப் படிவம் ஒன்று இருக்கிறது: எந்தத் தரவில் பயிற்சி, எங்கே சோதித்தீர்கள், எங்கே சொதப்பும். சிறிய உள்ளாட்சிகள் தனியாக மல்லுக்கட்ட வேண்டாம் என்பதற்காகத்தான் அதைப் பொதுவில் வைத்திருக்கிறார்கள்.

விலையையும் பாருங்கள். இந்தக் கருவிகள் பல பயன்பாட்டுக்கு ஏற்ப, டோக்கன் (எழுத்தை மாடல் பிரித்துப் படிக்கும் சிறு துண்டு) கணக்கில் பணம் கேட்கும். ஆங்கிலம் அல்லாத பல மொழிகளில் அதே வாக்கியத்துக்கு டோக்கன் அதிகம் செலவாகும். டெமோவை ஆங்கிலத்தில் காட்டிவிட்டு, மக்கள் தங்கள் மொழியில் கேட்கத் தொடங்கியதும் பில் ஏறும். முன்னோட்டத் திட்டம் இலவசம் என்றால் அது எந்தத் தேதியில் முடிகிறது, முடிந்த பிறகு உங்கள் தரவு எந்த வடிவில் திரும்பி வரும் என்று எழுதி வாங்குங்கள்.

சாளரம்4:
இன்னொன்றும் நடந்துகொண்டிருக்கிறது, யாரும் சொல்லவில்லை. உத்தரவு வருவதற்கு முன்பே கருவி வந்துவிட்டது. எங்கள் பிரிவிலேயே பாதிப் பேர் சொந்தக் கைபேசியில் மனுவை அப்படியே ஒட்டிச் சுருக்கம் எழுத வைக்கிறார்கள். பெயர், முகவரி, நோய் விவரம் எல்லாம் சேர்ந்துதான் போகிறது.

எண்ணும்எழுத்தும்:
இதுதான் முதல் வேலையாக இருக்க வேண்டும், மூன்று யோசனைகளுக்கும் முன்னால். பாஸ்டன் நகரம் 2023 மே மாதம் ஊழியர்களுக்கு வழிகாட்டி வெளியிட்டது. தடை போடவில்லை. பயன்படுத்திப் பாருங்கள், ஆனால் வந்ததைச் சரிபாருங்கள், பயன்படுத்தியதைச் சொல்லுங்கள், ரகசிய விவரங்களை உள்ளே போடாதீர்கள் என்று மட்டும் சொன்னது. தடை போட்டால் கைபேசியை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்வார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

கூட்ட நடவடிக்கைக் குறிப்பு எடுக்கும் கருவிகளிலும் கவனம் தேவை. ஓப்பன்ஏஐயின் விஸ்பர் என்ற, பேச்சை எழுத்தாக்கும் மாடல், யாருமே பேசாத இடத்தில் வாக்கியங்களைத் தானாக இட்டுக்கட்டுவதை 2024இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மன்றக் கூட்டத்தில் மௌனமாக இருந்த உறுப்பினர் ஆதரவு தெரிவித்ததாகப் பதிவானால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

மூன்றாம்வரிசை:
அவர் வாழ்நாளில் பேசிய முதல் வாக்கியமாக இருக்கும்.

கோப்புநகர்த்தி:
புகார் பிரிப்பதைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே. எனக்கு அதுதான் வேண்டும்.

எண்ணும்எழுத்தும்:
அதுதான் தொடங்க வேண்டிய இடம், காரணம் எளிது. தவறாகப் போன புகாரை வாங்கிய பிரிவே "இது எங்களுடையது அல்ல" என்று திருப்பி அனுப்பும். தவறு அலுவலகத்துக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும், ஒருவருடைய உதவித்தொகை நிற்காது.

ஆனால் சில நுணுக்கங்கள். ஒரே புகாரில் இரண்டு பிரச்சினை இருக்கும், தெருவிளக்கும் எரியவில்லை, சாக்கடையும் அடைத்திருக்கிறது என்று. ஒன்றை மட்டும் பிடித்து அனுப்பினால் மற்றது செத்துவிடும். எழுத்துப்பிழை, பேச்சுவழக்கு, இரண்டு மொழி கலந்தது எல்லாம் வரும், சோதனைக்கு உங்கள் சொந்தப் பழைய புகார்களைக் கொடுங்கள், விற்பவர் கொண்டுவரும் சுத்தமான வாக்கியங்களை ஏற்காதீர்கள். அறுந்து கிடக்கும் மின்கம்பி, வாயுக் கசிவு மாதிரியானவற்றை மாடலின் ஊகத்துக்கு விடாமல், அந்தச் சொற்கள் இருந்தாலே நேராக மனிதரிடம் போகும்படி விதி போடுங்கள். மாடலுக்கு நிச்சயமில்லாதவையும் மனிதரிடம்தான்.

எந்தக் காரணத்துக்காகவும் புகாரை முடித்துவைக்கும் அதிகாரத்தை அதற்குக் கொடுக்காதீர்கள். "உரிய பிரிவுக்கு அனுப்பப்பட்டது" என்று எழுதிப் புகாரை மூடுகிற பழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. கருவி அதை நொடிக்கு நூறாகச் செய்யும், அறிக்கையில் சாதனையாக வரும்.

நடுப்பக்கம்:
மனிதரிடம் போகும், மனிதரிடம் போகும் என்கிறீர்கள். அந்த மனிதர் திரையில் வந்ததை அப்படியே அழுத்திவிட்டுப் போனால்?

சட்டக்குறிப்பு:
நல்ல கேள்வி, அமெரிக்காவின் அலிகேனி மாவட்டத்தில் இதற்குப் பாதி பதில் இருக்கிறது. குழந்தைகள் பாதுகாப்பு பற்றி வரும் அழைப்புகளுக்கு 1 முதல் 20 வரை மதிப்பெண் போடும் கருவியை 2016இல் கொண்டுவந்தார்கள். எனக்கு அந்தக் கருவியின் மேல் நல்ல அபிப்பிராயம் இல்லை, அது வேறு. ஆனால் ஒரு கோளாறால் சில காலம் அது தப்பான மதிப்பெண் காட்டியது. பிறகு ஆய்வாளர்கள் பதிவுகளைப் பார்த்தபோது, மதிப்பெண் தப்பாக இருந்த இடங்களில் ஊழியர்கள் அதைப் பின்பற்றாமல் விட்டது அதிகம் என்று தெரிந்தது. அழைப்பில் சொன்னதும் பழைய பதிவுகளும் அவர்கள் முன்னால் இருந்தன, மதிப்பெண்ணை மீற அனுமதியும் இருந்தது.

மனிதர் இருந்தால் போதாது. அவருக்கு மூலப் பதிவு தெரிய வேண்டும், மறுக்க நேரம் வேண்டும், மறுத்தால் விளக்கம் கேட்டு மெமோ வராது என்ற நம்பிக்கை வேண்டும்.

சாளரம்4:
மெமோ பற்றிச் சொன்னதற்கு நன்றி.

கோப்புநகர்த்தி:
எழுதத் தொடங்கிவிட்டேன். ஊழியர்களுக்கான வழிகாட்டி உடனே. புகார் பிரிப்பு முதலில், ஒரு பிரிவில் மட்டும். சாட்பாட்டைப் பக்கம் காட்டும் கருவியாகக் குறைத்து, அதற்கு முன் இணையதளத்தைச் சுத்தம் செய்ய நிதி. மனு நிலை காட்டும் பக்கத்தையும் நுழைத்திருக்கிறேன், தூக்கிவிடுவார்கள், இருந்தாலும். மூன்றாவதற்கு ரோட்டர்டாம், ஆம்ஸ்டர்டாம் இரண்டையும் இணைத்து "பரிந்துரைக்கப்படவில்லை". 2020இல் ஆம்ஸ்டர்டாமும் ஹெல்சிங்கியும் செய்தது போல, எந்தக் கருவி எதற்கு ஓடுகிறது, யார் பொறுப்பு என்று பொதுவில் ஒரு பதிவேடு வைக்கவும் கேட்டிருக்கிறேன்.

ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. "எதிர்பார்க்கப்படும் சேமிப்பு, எண்ணில்." அதில் என்ன எழுத?

ஏலக்குரல்:
எண் போடாதீர்கள். போட்டால் அடுத்த ஆண்டு அந்த எண்ணைக் காட்டி ஆளைக் குறைப்பார்கள். பணத்துக்குப் பதில், தவறான பிரிவுக்குப் போய்த் திரும்பிய புகார்களின் எண்ணிக்கையை அளவுகோலாக எழுதுங்கள். இன்றைய நிலை எவ்வளவு என்று கருவி வருவதற்கு முன்பே நீங்கள் எண்ணி வைத்திருக்க வேண்டும். பிறகு எண்ணினால் விற்றவர் எண்ணித் தருவார்.

கோப்புநகர்த்தி:
சரி. ஆனால் எங்கள் பதிவேட்டில் திரும்பி வந்த புகாருக்கு என்று தனிக் கட்டமே கிடையாது.

சாளரம்4:
இருக்கும். "குறிப்பு" கட்டத்தில் பாருங்கள், "நமக்குரியதல்ல" என்று எழுதியிருப்பார்கள். ஆளுக்கொரு விதமாக எழுதியிருப்பார்கள், அதையும் சேர்த்துத் தேடுங்கள்.